வேலியோரம் நிற்காதே

மார்ச் 3
வாலுவை வேலிக்கு இந்தப் பக்கமும் மற்ற ஐந்து குதிரைகளை அந்தப் பக்கமும் விட்டு இன்றோடு பத்து நாள். எல்லாம் மூக்கை உரசிப் பார்த்தாயிற்று. மூத்த பெட்டை மட்டும், மாமியார் என்று நாங்கள் பேர் வைத்தவள், காதைப் பின்னால் மடித்து முறைக்கிறாள். வாலு தாயில்லாக் குட்டி, நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. மந்தையோடு சேராவிட்டால் விற்றுவிடுவானாம் அண்ணன். "தனியா நிக்கிற குதிரைக்குப் புத்தி கெட்டுடும், தெரிஞ்சுக்கோ." தெரியும். தெரிந்து என்ன?

மார்ச் 6
நாளை வாலுவை மந்தைக்குள் விடுகிறோம். உதைத்தாலும் பலமாகப் படாமலிருக்க மாமியாரின் பின்னங்கால் லாடத்தைக் கழற்றியாயிற்று. ஆறு குதிரைக்கு ஏழு இடத்தில் புல். சண்டை வராமலிருக்க அண்ணனின் கணக்கு. நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். புல் ஓடியா போகும்?

மார்ச் 7
மாமியார் துரத்தினாள். திடல் அவ்வளவு பெரிது, வாலு நேரே என்னிடம் ஓடி வந்தாள். நானும் வேலிக்கு வெளியே நின்று வாடி, வாடி என்று கையை நீட்டினேன். வேலிக்கும் மாமியாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள் — ஒரே உதை. தொடை வீங்கிவிட்டது. எலும்பு தப்பியது.

வைத்தியர் அம்மா மருந்து போட்டுக்கொண்டே சொன்னார்: "பெரிய குதிரை முன்னால குட்டிங்க மெல்லுற மாதிரி வாயை அசைக்கும். நான் சின்னவ, விட்டுடுன்னு அர்த்தம். நீங்க பக்கத்துல நின்னா இதுக்கு அது தோணாது. பயம்னா உங்ககிட்ட ஓடணும், அவ்வளவுதான் பழக்கியிருக்கீங்க."

அப்போதும் என் சட்டைப்பையில் கேரட் இருந்தது.

மார்ச் 8
தூக்கமில்லை. நான்தானா? நான்தான்.

மார்ச் 15
வீக்கம் வடிந்துவிட்டது. அண்ணன் அவளை மறுபடி உள்ளே விட்டான். "நீ உள்ளயே இரு. தலையக் காட்டாத."

சமையலறையில் ஒரே பாத்திரத்தை மூன்று முறை கழுவினேன். குளம்புச் சத்தம். பிறகு அதுவும் நின்றது. ஏன் நின்னுச்சு? ஒருத்தர் வந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா? கடைசியில் அண்ணன் வந்து தண்ணீர் கேட்டான். செம்பைக் காலி செய்த பிறகுதான் வாயைத் திறந்தான். "வாயை அசைச்சா. மாமியார் மோந்து பாத்துட்டுப் புல்லு திங்கப் போயிட்டா."

உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 24
இன்றுதான் வேலிக்குப் போக அனுமதி. கேரட்டோடு போய்க் கூப்பிட்டேன். வாலு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அதற்குள் மாமியார் நகர, இவளும் பின்னாலேயே போய்விட்டாள். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். கேரட்டை நானே கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.