மேசையில் விட்டுவந்த இரண்டாம் தாள்

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தம்பி என்றே கூப்பிட்ட ரெஜினா அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மணலூர்பேட்டையில் இந்த முறை நம் கரும்பு நன்றாக வந்திருக்கிறது. சங்கராபுரத்தில் நீங்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு புதுப்பெண் இருக்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் தாளை நீட்டியதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறாள். நீங்கள் யாரையும் அவ்வளவு சீக்கிரம் விட்டதில்லையே.

நான் அங்கே ரத்தம் கொடுக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? சர்க்கரை நோயில் அம்மாவின் கால்விரலை எடுத்த பிறகு, அண்ணனின் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்தேன். வருவதற்கு முன் மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை, வெறும் கேழ்வரகுக் கூழ். நம் பக்கத்தில் பாதிப்பேர் செய்கிற திருட்டுத்தனம்தான். சுகர் நார்மல் என்று வந்தது. அந்த முதல் தாளை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதிர்க்கடை பரோட்டாவுக்குக் கிளம்பினேன்.

"இன்னா தம்பி, மூணு நாள் படிச்சிட்டு வந்து பாஸ் பண்ணிட்டியா?" என்றீர்கள். கூழ் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

பிறகு இரண்டாம் தாளை எடுத்து வைத்தீர்கள். அது கொழுப்புக் கணக்கு. "இதெல்லாம் நெஞ்சுவலிக்காரங்களுக்கு அண்ணி" என்றேன்.

"சுகருக்கும்தான். இந்த ட்ரைகிளிசரைடுன்ற கொழுப்பு ஏறிக்கினு இருக்குது. நல்ல கொழுப்பு கம்மியா இருக்குது. ரெண்டும் இப்படிச் சேந்து இருந்தா, பின்னாடி சுகர் வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. வந்தே தீரும்னு சொல்லல. இப்பவே சோத்த கொறச்சி, தெனம் நடந்தா தப்பிக்கலாம்."

நான் சிரித்துவிட்டு அந்தத் தாளை உங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். எனக்கு அவ்வளவு திமிர்.

ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத உங்களைப் புற்றுநோய் கொண்டுபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே மறுபடியும் கேட்டீர்கள்: "நடக்கிறியா தம்பி?" நடக்கிறேன் அண்ணி என்றேன். தலையாட்டினீர்கள். பொய் சொல்லி உங்களை நிம்மதியாக அனுப்பிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து, அண்ணன் உங்கள் வேலைப் பையைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு தாள்கள். எல்லாம் என்னைப்போல ஆட்கள் விட்டுப்போன இரண்டாம் தாள்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் போன் நம்பர், அதன்கீழே நீங்கள் கூப்பிட்டு விசாரித்த விவரம். "மளிகைக்கடை பாய், ராத்திரி பரோட்டாவை விட்டுட்டார்." "தியாகதுருகம் டீச்சர், மலைக்கோட்டை வரைக்கும் நடக்கறாங்க." சம்பளத்துக்குச் செய்கிற வேலையா அண்ணி இது? உங்களுக்கு முன்னால் நானெல்லாம் என்ன மனிதன்?

என் தாளும் இருந்தது. பின்னால், நோயில் படுக்கும் முன்பே எழுதியிருந்தீர்கள்: "தம்பி, நடக்கிறேன்னு சொல்றான். செருப்பு தேயல."

அதைப் படித்துவிட்டுத் தொழுவத்தின் பின்னால் போய் நின்று அழுதேன். மறுவாரம் கூழ் குடிக்காமல் போய் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எல்லைக் கோட்டுக்கு வந்துவிட்டிருந்தது. இன்னும் தாண்டவில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து விடியற்காலை ஆற்றுப் பாலம் வரை போய்வருகிறேன். சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். போன வாரத் தாளில் ட்ரைகிளிசரைடு இறங்கியிருக்கிறது. நல்ல கொழுப்பு மெதுவாகத்தான் ஏறுகிறது, அது என்னைப்போலவே சோம்பேறி. சர்க்கரை எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்கிறது.

அந்தக் கட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கிறேன். கடைசித் தாள் வரைக்கும் விடமாட்டேன். இனி உங்களிடம் பொய்யும் சொல்லமாட்டேன்.

நேற்றுதான் புதுச் செருப்பு வாங்கினேன் அண்ணி. பழையது அடியில் ஓட்டையாகிவிட்டது.

உங்கள் கொழுந்தன்,
சவரி