சிரிப்புக் கோடு

மார்ச் 3, திங்கள்

எழுந்தேன். பல் தேய்க்கவில்லை. நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பல்செட்டு செய்து கொடுப்பவள் நான். யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

மார்ச் 5

வாலு இல்லாத வீடு. "நீ முதல்ல தேறு. அப்புறம் கூட்டிட்டு வரேன்" என்று என் எட்டு வயது மகள் வாலுவையும் அவள் புத்தகப் பையையும் அக்கா அள்ளிக்கொண்டு போய்விட்டாள். தேறுவது என்றால் எப்படி? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். வாலுவின் அப்பா எங்களை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. அதை அப்போதே அழுது தீர்த்தாயிற்று. இப்போது எதற்கு இது?

மார்ச் 8

அக்காவின் பார்சல். பொட்டலம் பொட்டலமாகக் காய்ந்த பூ, இலை, தலையணைக்கடியில் வைக்க ஒரு வாசனைப் பை. போனில் உத்தரவு வேறு: "காலை வெயில்ல நட. ராத்திரி போனைத் தொடாதே. இந்த டீயெல்லாம் குடி. மனசுக்குன்னு டாக்டர் குடுத்த மாத்திரையை விட்டுடு, இல்லன்னா அதுவே பழகிடும். எல்லாம் இயற்கையா சரியாயிடும்டி."

மாத்திரையை விட்டுவிட்டேன். வாலு சீக்கிரம் வருவாள் இல்லையா?

மார்ச் 9

நடக்கவில்லை.

மார்ச் 10

நடக்கவில்லை. அக்காவிடம் நடந்துகொண்டிருக்கிறேன் என்றேன். தெருச் சத்தம் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசினேன். திருட்டுத்தனத்துக்கு மட்டும் மூளை நன்றாக வேலை செய்கிறது.

மார்ச் 19

ஒரு செட் திரும்பி வந்திருக்கிறது. முதலாளி என் மேசையில் வைத்தார். "கடிக்க நல்லாத்தான் இருக்காம். ஆனா சிரிச்சா அழற மாதிரி இருக்காம். கண்ணாடியைப் பார்த்து அந்தம்மா நிஜமாவே அழுதுட்டாங்களாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் போனதும் அளந்து பார்த்தேன். மேல்வரிசையில் ஓரப் பற்கள் சற்று ஏற வேண்டும். அதுதான் சிரிப்புக் கோடு. இதில் இரண்டு பக்கமும் மயிரிழையளவு இறங்கியிருந்தது. மெழுகில் பல் பதித்து இன்னும் அனுப்பாமல் இருந்த செட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். என்னைக் கேட்காமலே கை இதைச் செய்திருக்கிறது. இன்னும் எத்தனை பேர் என் முகத்தை வாயில் மாட்டிக்கொண்டு கல்யாண வீடுகளில் நிற்கிறார்களோ.

வாலுவும் என் முகத்தைப் பார்த்துத்தானே சிரிக்கக் கத்துக்கிட்டா? என்கூட இருந்தா அவளுக்கும் இதுதானே வரும்? நான் இல்லாமலே இருந்தா அவளுக்கு—

இந்த வரியை முடிக்க மாட்டேன். பயமாக இருக்கிறது. நாளை டாக்டர்.

மார்ச் 20

பொட்டலங்களையும் எடுத்துப் போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். "இந்தச் சாமந்தி டீ குடிங்க, தப்பில்ல. இந்த மஞ்சப் பூ மட்டும் உங்க மாத்திரையோட சேரவே கூடாது. மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது. நடக்கிறது நல்லதுதான்மா. அது மட்டும் போதும்னு யார் சொன்னது?"

முடிக்காத வரியைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அக்காவை அங்கிருந்தே போனில் கூப்பிட வைத்தார்.

நடக்காததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டாள். பிறகு, "நீ நடக்கலன்னு தெரியும்டி. நீ நாலு எட்டு வச்சாலே உனக்கு மூச்சு வாங்கும். போன்ல வாங்கவே இல்லையே" என்றாள். "தெரிஞ்சும் நான் சும்மா இருந்துட்டேனே" என்று அழுதாள். சாயங்காலமே வந்துவிட்டாள். வாலுவை அவள் பெரியப்பா பார்த்துக்கொள்கிறார்.

ஏப்ரல் 6

அக்காவோடு தெருமுனை வரை. வெயில் முகத்தில் பட்டது. வேறொன்றும் தோன்றவில்லை. மாத்திரை போட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பெரியப்பாவின் காரில் வாலு வந்தாள். முன்பற்கள் முளைத்திருக்கின்றன, ஒன்று லேசாகக் கோணல். ஓடி வரவில்லை. பெரியம்மாவின் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, இன்னிக்கு அழுவியா?"

"தெரியலடா. அழுதாலும் அப்புறம் நின்னுடும்."

யோசித்தாள். "சரி" என்று வந்து மடியில் உட்கார்ந்தாள்.

இங்கேயே தங்கிவிடத் துணிப் பையையும் கொண்டு வந்திருந்தாள். நான்தான் அக்காவிடம் சொன்னேன், பரீட்சை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று. இன்னும் முழு நாளையும் என்னால் தாங்க முடியவில்லை. தெருமுனையில் கார் திரும்பும்வரை வாசலில் நின்றேன். அவள் கையாட்டவில்லை. உள்ளே வந்து அவள் குடித்து மீதி வைத்த பாலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 12

கண்ணாடி பார்த்து அழுத அந்தம்மாவின் செட்டில் பற்களைக் கழற்றிப் புதிதாக வைத்துக் கொடுத்திருந்தேன். இதுவரை திரும்பி வரவில்லை.

மே 31, சனி

பரீட்சை முடிந்து வாலு வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் பூங்காவைச் சுற்றி நடந்தோம். பின்னாலிருந்து வாலு கத்தினாள்: "மெதுவா போம்மா! எனக்கு மூச்சு வாங்குது!"

நின்றேன்.