கடைசிப் பக்கத்தின் அடிவரி

8 ஜூன் 1999, செவ்வாய்

இன்று ஒரு கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை மூன்று முறை மயிலாடுதுறையில் எங்கள் டி.டி.பி. கடைக்கு வந்து, தன் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெண்ணின் பெயர் நகர்ந்து நகர்ந்து மடிப்பில் விழுந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடியில் வழக்கம்போல் என் திட்டு வரியைச் சேர்த்தேன். தமிழில் அடித்து, கொடி கொடியாக வளையும் ஓர் ஆங்கில ஃபாண்டுக்கு மாற்றினால் போதும்; 'அம்மா' என்பது mk;kh ஆகிவிடும். கடுகளவில் போட்டால் யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் ஏதோ நம்பர் போட்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள், கடை முதலாளி துரைராசு சார் உட்பட. இரண்டு வருஷத்தில் பாதி ஊரைத் திட்டி முடித்துவிட்டேன்.

11 ஜூன், வெள்ளி

ஃபஹ்மிதா வந்தாள். பக்கத்து ஊரின் வெளிநாடு வாழ்வோர் நலச் சங்கத்துக்குச் செயலாளர். அவள் அண்ணன் ஜாபிர் சார்ஜாவில் இருக்கிறார். அவருடைய அரபி முதலாளி போன வருஷம் ஊருக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தார். அதனால் சங்கத்தின் ஆண்டறிக்கை இம்முறை தமிழ், ஆங்கிலம், அரபி மூன்றிலும்.

எங்களிடம் அரபி ஃபாண்ட் இல்லை. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது.

"அவரு படிக்கணும்க்கா, தாயம் ஆட இல்ல" என்றாள்.

அவள் கொண்டுவந்த காகிதத்தையே ஸ்கேன் செய்து படமாக ஒட்டினேன். "அழகா இருக்கு. ஆனா தலைகீழா இருக்கு" என்றாள்.

தமிழ்ப் பக்கத்தில் 'ஆம்புலன்ஸ் இரவு பகல் பாராது உழைத்தது' என்ற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது. தலைவர் பஞ்சநதம் எழுதியதாம். வண்டி நிற்பது அவர் தோப்புக் கொட்டகையில். வருஷம் முழுக்க அதில் ஏறிய நோயாளிகள் நான்கு பேர். மற்றபடி அவர் தேங்காய்தான் சந்தைக்குப் போகிறது. அவர்கள் ஊர் நாகம்மாளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது டிரைவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"டிராக்டர்ல வச்சுக் கொண்டு போனோம். பிள்ளை பொழச்சது ஆண்டவன் செயல்."

"இந்த வரிய எடுத்துடவா?"

"அவரு கையெழுத்து போட்டது. எப்படி எடுக்கிறது?"

அவள் போனபின் கடைசிப் பக்கத்தின் அடியில் என் வரி. கொடி ஃபாண்ட், கடுகளவு.

14 ஜூன், திங்கள்

ஐந்நூறு பிரதி என்பதால் கும்பகோணம் அச்சகத்துக்குப் போகிறது. வழக்கமாகக் காகிதத்தில் எடுத்துக் கொடுப்போம்; இம்முறை சார் ஃபைல் இருந்த ஃபிளாப்பியையே அனுப்பிவிட்டார்.

22 ஜூன், செவ்வாய்

ஐயோ.

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தேன். கடைசிப் பக்கம், அடியில், பளிச்சென்று தமிழில்: 'இவ்வாண்டு ஆம்புலன்சில் பயணித்தோர்: நோயாளிகள் நால்வர், தேங்காய்கள் எண்ணிறந்தவை.'

அச்சகத்துக்கு போன் போட்டேன். ரெமிஜியஸ் என்று ஒருவர்தான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறார்.

"ஒரு ஃபாண்ட் எங்ககிட்ட இல்லைங்க. பதிலுக்கு எது வேணும்னு கேட்டுச்சு. தமிழக் குடுத்தேன். நல்லாப் படிக்க வந்துச்சே!"

"படிச்சீங்களா?"

"ரெண்டு தடவ. பைண்டிங்ல எல்லாருக்கும் காட்டினேன். ஏன், தப்பா?"

ஐம்பது பிரதி அச்சகத்திலிருந்தே சார்ஜாவுக்குக் கூரியரில் போய்விட்டதாம். சாருக்குத் தெரிந்தால் வேலை போச்சு. அம்மா ஏன் சாப்பிடவில்லை என்கிறாள். என்ன சொல்ல?

23 ஜூன், புதன்

அந்த வரியை அழிக்கக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவோடு உட்கார்ந்தேன். ஏழாவது பிரதியில் ஃபஹ்மிதா வந்து நின்றாள். வாங்கிப் படித்தாள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

"நீங்களா?"

தலையாட்டினேன்.

"இன்னொண்ணு அழிச்சீங்க, இங்கயே உக்காந்து கத்துவேன்." பேனாவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கட்டுகளோடு போய்விட்டாள்.

27 ஜூன், ஞாயிறு

சங்கப் பொதுக்கூட்டம். சர்ச்சில் திருப்பலி முடிந்ததும் துரைராசு சாரோடு போனேன். போகாமல் இருந்திருக்கலாம். எப்படி இருப்பது?

குறுவை நாற்றங்கால் வேலையைப் போட்டுவிட்டுப் பலர் வந்திருந்தார்கள். பஞ்சநதம் அறிக்கையை ஒரு வரி விடாமல் கணீரென்று வாசித்தார். கடைசிப் பக்கம். நன்றியுரை முடிந்தது. நிறுத்துவார் என்று பார்த்தேன் — நிறுத்தவில்லை.

"இவ்வாண்டு ஆம்புலன்சில் பயணித்தோர்: நோயாளிகள் நால்வர், தேங்காய்கள் எண்ணிற..."

கூட்டமே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் இடுப்பில் குழந்தையோடு நாகம்மாள் எழுந்தாள்.

"ஐயா, அந்த நாலு பேர்ல நான் இல்லீங்களே."

யாரும் சிரிக்கவில்லை.

பஞ்சநதம், "அச்சுப் பிழை" என்றார். துரைராசு சாரும் எழுந்து, "கும்பகோணத்துல எழுத்து மாத்திட்டாங்கய்யா. அந்த ஆபரேட்டர வேலைய விட்டே தூக்கச் சொல்றேன்" என்றார்.

ரெமிஜியஸ் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"அவரு ஃபாண்ட்தான் மாத்தினாரு. வார்த்தை என்னோடது. நான்தான் அடிச்சேன்."

குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

28 ஜூன், திங்கள்

வேலை போயிற்று. மேசைக்குள் இருந்த சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

9 ஜூலை, வெள்ளி

சார்ஜாவில் ஜாபிர் அந்த வரியை அரபியில் சொல்லிக் காட்டினாராம். முதலாளி சிரிக்கவில்லையாம்; வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டாராம். இப்போது சாவி ஃபஹ்மிதா வீட்டு ஆணியில் இருக்கிறது.

ரெமிஜியஸ் போன் செய்தார். "எங்க முதலாளி உங்கள வரச் சொல்றாரு. பிழை திருத்த ஆள் வேணுமாம். நடந்ததெல்லாம் சொல்லிட்டேன்." அப்புறம், "எனக்காக எந்திரிச்சீங்களாமே" என்றார்.

18 பிப்ரவரி 2000, வெள்ளி

துரைராசு சார் இன்று கும்பகோணத்தில் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாராம். பழைய ஃபைல் எதைத் திறந்தாலும் mk;kh என்று குப்பையாகத் தெரிகிறதாம்.

"பழசெல்லாம் மறந்துட்டு வந்துடேன் ஜெனித்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். ரெமிஜியஸ் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். சாருக்கு டீ சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த புரூஃபை எடுத்துக்கொண்டேன்.