லிஃப்ட் நின்ற தேதி

அன்புள்ள வாயாடிக்கு அப்பா எழுதுவது,

இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ போனில் பேசி நான்கு மாதம் ஆகிறது, ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மா போன பிறகு வீட்டில் சத்தம் என்றால் ஃப்ரிட்ஜ் சத்தம்தான். உன் சித்தி ஞாயிற்றுக்கிழமை வந்து பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறாள், அடுத்த ஞாயிறு வரை நான் டம்ளரைத் தேடுகிறேன், தேடிக் கிடைத்தால் பழக்கத்தில் இரண்டாக எடுத்து வைக்கிறேன்.

போன வாரம் ஒரு எட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியில் நின்று நின்று போகிறது. அந்த மாடிக்குப் புதிதாக ஒரு தையல்காரம்மா துணி மூட்டைகளோடு குடிவந்திருக்கிறார், அவர் வந்த பிறகுதான் இப்படி, காலி செய்யட்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எப்படித் தெரியும் என்றால் எல்லாரும் சொல்கிறார்களாம். அந்த அம்மா வாய் திறந்தால், வந்து ஒரு மாதம் ஆகவில்லை, உங்களுக்கு என்ன தெரியும் என்று அடக்குகிறார். நான் காவலாளியிடம் பழுதுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். லிஃப்ட் அங்கே முதலில் நின்றது அந்த அம்மா வருவதற்கு ஒன்பது நாள் முன்பு. கதவு சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். அவங்க வந்த பிறகு நின்னா அவங்களாலதான் நின்னதா ஆயிடுமா, முதல்ல தேதியைப் பாருங்க சார் என்று கொஞ்சம் மிதப்பாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அம்மா போன எட்டாம் நாள் போனில் நான் உன்னிடம் சொன்னது இதுதானே. நீ கிளம்பிப் போன பிறகுதான் அவ படுத்தா, உன்னாலதான் போயிட்டா. நீ ஏதோ சொல்ல வந்தாய், சின்னப் பொண்ணு உனக்கென்ன தெரியும் என்று அடக்கினேன், சித்தியும் அதான் சொல்றா என்றேன். அச்சு அசல் அந்தச் செயலாளர். வீட்டுக்கு வந்து, திறக்கத் தைரியமில்லாமல் பீரோ மேல் போட்டிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். முதல் சீட்டின் தேதி நீ கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு. நம் இருவரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறாள். அன்று உனக்குப் பெட்டி வாங்கப் போவதாகத்தான் என்னிடம் சொன்னாள். வரும்போது பெட்டியும் வாங்கி வந்தாள், அந்தச் சிவப்புப் பெட்டி.

அந்தப் பழியை எடுத்து என் மேல் போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன், கூடப் போயிருந்தால் பிழைத்திருப்பாளோ என்று. அதுவும் அதே கோணல் யோசனைதான். ஆனால் உன்னிடம் அப்படிப் பேசியது என் தப்பு. மன்னித்துவிடு.

பாசம் இருந்தால் போன் செய் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். போன் வராவிட்டால் பாசமே இல்லை என்றா ஆகிவிடும், வேலை இருக்கலாம், கோபம் இருக்கலாம், பாசமும் கூடவே இருக்கலாம். அதனால் வாதம் எதுவும் இல்லாமல் கேட்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை, உன் குரலைக் கேட்க வேண்டும்.

நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருப்பாய். பெட்டியின் ஜிப் சிக்கினால் இழுக்காதே, மெழுகு தடவு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதே.

உன் அப்பா