படையலில் எந்தச் சாவியை வைக்கட்டும்?

என்னங்க,

அங்கேயும் காலைக் காப்பி குடிக்காமல் யாரிடமும் பேசமாட்டீர்களா? எதற்கும் குடித்துவிட்டே இதைப் படியுங்கள். நான் பெரிய குழப்பத்தில் இருக்கிறேன். அதை வைத்துவிட்டுப் போனவர் நீங்கள்தான்.

அடுத்த வாரம் உங்களுக்கு முதல் வருஷத் திதி. மறுநாள் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் புலாவ் செபாங்குக்கு நம் வீடு தேடி வருகிறார். போர்ச்சில் நிற்கும் உங்கள் இரண்டு ஜெர்மன் கார்களில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறாராம். இரண்டையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஓட்டாமல் விட்டால் பேட்டரி செத்துப்போகிறது, எலி வயரைக் கடிக்கிறது. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். உங்கள் உயிரான காரைத் தெரியாமல் விற்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பதினாறாம் நாள் படையலிலேயே இந்தக் கூத்து ஆரம்பித்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த கோழிக் குழம்பு, நெத்திலி சம்பல், புதுச் சட்டை எல்லாம் வைத்தோம். நம் பையன் தினேஷ் இரண்டில் புதிய காரின் சாவியைக் கொண்டுவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தான். தெங்கேராவில் துணிக்கடை வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி காதர் பாய் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“என்ன தங்கச்சி, சாவிய மாத்தி வெச்சிட்டீங்க? அவனுக்குப் பழசுதானே உசுரு! கடைக்கு வந்தா அதுலதான் வருவான்.”

தினேஷ் விடவில்லை. “இல்ல அங்கிள், அப்பாக்கு வி எய்ட்டுதான்லா பிடிக்கும். பழசுல ஏர்கோன்கூட ஒழுங்கா வராது. ஹைவேல போனா புதுசுதான் எடுப்பாரு.”

சாம்பிராணிப் புகைக்கு நடுவில் நான் அந்தச் சாவியை எடுப்பதா விடுவதா என்று முழித்துக்கொண்டு நின்றேன். அவரவருக்கு ஏற்ற மாதிரி பேசிவிட்டுப் போயிருக்கிறீர்கள். என்னிடம் மட்டும் இரண்டையும் திட்டினீர்கள். பழையதற்குச் சாமான் கிடைக்கவில்லை, புதியதில் எதைத் தொட்டாலும் எலெக்ட்ரிக் கோளாறு. பிடிக்காமலா ஞாயிற்றுக்கிழமை முழுக்க பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தீர்கள்?

யாரைக் கேட்டும் தெளியாததால், நானே ஓட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். மேனுவல் கியர் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, கேட்டைத் தாண்டுவதற்குள் ஒருமுறை எஞ்சின் நின்றும் போனது.

முதலில் புதியதை எடுத்தேன். புதியது என்றாலும் தினேஷ் பள்ளிக்கூடம் போன காலத்து வண்டிதான். காலை வைத்தவுடன் அந்த எட்டு சிலிண்டர் வி எய்ட் எஞ்சின் என்னைக் கேட்காமலே பாய்கிறது. ஆயர் கெரோ வரைக்கும் போனேன், வழியெல்லாம் மழை. உள்ளே வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு சத்தமில்லை. டேஷ்போர்டில் மட்டும் ஏதோ ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது என்னவென்று சொல்ல நீங்கள் இல்லை.

திரும்பி வந்து போர்ச்சில் நிறுத்திவிட்டு, சீட் பக்கத்தில் இருந்த ஒன்றாம் நம்பர் பட்டனை அழுத்தினேன். சீட் தானாகப் பின்னால் நகர்ந்தது, கண்ணாடிகள் திரும்பின. உங்கள் அளவு, இன்னும் அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. என் கால் பெடலுக்கு எட்டவே இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். தினேஷ் சொன்னதுதான் சரி, இதுதான் உங்கள் கார் என்று அப்போது முடிவு செய்தேன்.

முடிவு ஒரு நாள்தான் தாங்கியது. மறுநாள் பழையதை எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். கிளட்ச் கனம்தான். ஆறு சிலிண்டரும் முதலில் சோம்பலாகத்தான் கிளம்பின. பாமாயில் செம்பனைத் தோட்டத்து நேர் ரோட்டில் கொஞ்சம் தைரியமாக மிதித்தேன். மீட்டர் முள் மேலே ஏறியதும் சத்தமே மாறியது. ஜன்னல் திறந்திருந்தது, வேர்த்துக் கொட்டியது, நான் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

“உன் முட்டி தாங்காது புள்ள” என்பீர்கள்; ஒரு நாளாவது அந்தச் சாவியைக் கொடுத்திருப்பீர்களா? தாங்குகிறதே! எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு எது பிடிக்கும் என்று ஊரெல்லாம் கேட்டு அலைகிறேன். எனக்கு எது பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் கேட்டதுண்டா?

இப்போது குழப்பம் இன்னும் கூடிவிட்டது. புதியதில் நீங்கள் இருக்கிறீர்கள். எனக்குப் பிடித்திருப்பதோ பழையது. உங்களை விற்றுவிட்டு நான் சிரித்துக்கொண்டு போவதா? காதர் பாயிடம் கேட்டேன். “திதிக்கு எந்த சாவிய வெக்கிறீங்களோ, அதையே வெச்சுக்குங்க தங்கச்சி” என்றார். மனிதர் தப்பித்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று தோன்றியது. படையலில் வைக்கும் கோழிக் குழம்பு உங்களுக்குத்தான். சூடம் காட்டி, கும்பிட்டு முடித்த பிறகு அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிடுவது நாங்கள்தானே? உங்களுக்கு வைத்தது எங்களுக்குத்தானே திரும்பி வருகிறது?

அதனால் அடுத்த வாரம் பழைய காரின் சாவியை வைக்கப்போகிறேன். தினேஷ் முணுமுணுப்பான், பரவாயில்லை. புதியதை வாங்குகிறவரிடம், ஒன்றாம் நம்பர் பட்டனை மாற்றாதீர்கள் என்று சொல்லலாமா, வேண்டாமா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. சாப்பிட்டு இலை எடுத்ததும் அந்தச் சாவியை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வேன். இந்த முறை கொடுத்துவிடுங்கள். மெதுவாக ஓட்டுகிறேன், சத்தியம்.

இன்னமும் உங்கள் பெண்டாட்டிதான்,
புஷ்பா