நைனாவின் இடக்கை

பார்சலைப் பிரித்ததும் அச்சு மை வாடைதான் முதலில் வந்தது. உள்ளே துணியில் சுற்றிய செப்புத் தகடு. நீங்கள் போய்விட்டீர்கள் என்று உங்கள் மகள் ஒரு சீட்டு வைத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, வெள்ளைக்கார துரை. உங்களுக்காக அழ என்ன இருக்கிறது?

பிரான்சில் வரைந்த ஓவியங்கள் விலைபோகாமல், செப்பில் செதுக்கும் வேலைக்கு மாறி, படப் புத்தகம் போட்டுப் பெயர் வாங்கியவர் நீங்கள். ஒரு புத்தகத்துக்கு முப்பதே பிரதி. அதையும் கையுறை போட்டுத்தான் புரட்ட வேண்டுமாம்! எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் உட்கார்ந்து, வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த என் நைனாவைப் பார்த்து நேராகத் தகட்டிலேயே கீறினீர்கள். மத்தியானம் அம்மா வைத்த இறால் குழம்பையும் ஒரு பிடி பிடித்தீர்கள்.

அடுத்த வருடம் புத்தகத்தோடு வந்தபோது நைனா இல்லை. கடல் கொண்டுபோயிருந்தது. வீட்டிலிருந்த போட்டோக்களும் அதற்கு முன்பே வெள்ளத்தில் ஊறிப் பாழாகியிருந்தன. அவர் முகத்தைப் பார்க்க அம்மாவுக்கு உங்கள் புத்தகம் ஒன்றுதான் மிச்சம். ஆசையாகப் பிரித்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாங்க இது? அவரு இடக்கையில இல்ல ஊசி புடிப்பாரு? இது வேற யாரோ."

"அச்சில் எல்லாம் இடம்வலம் மாறித்தான் விழும்" என்று புதுச்சேரியில் கற்ற தமிழில் சொல்லிச் சிரித்தீர்கள். மாறி விழும் என்று தெரிந்த மனிதர் மாற்றி வரைந்திருக்கக் கூடாதா? அத்தனை வருடம் செதுக்கி என்னத்தைக் கிழித்தீர்கள்?

"அந்தத் தகட்டையாவது குடுங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"முப்பது அடித்ததும் தகட்டின் குறுக்கே கீறிவிடுவோம். மறுபடி யாரும் அச்சடிக்கக் கூடாது. எங்கள் வழக்கம் அது."

"நல்லா மீன் பட்டுச்சுனா நாங்க வலையக் கிழிச்சா போடுறோம்?" என்று நான் கத்தினேன். நீங்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனீர்கள்.

இன்று தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். குறுக்குக் கோடுகள் லைட்ஹவுஸைக் கிழித்து, படகைக் கிழித்து, நைனாவின் தோளருகே வந்து நின்றுவிடுகின்றன. அவரைத் தாண்டித்தான் மறுபடி தொடங்குகின்றன. அவர்மேல் ஒரு கீறல் இல்லை. ஊசி இடக்கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் கோடு போட்டபோதே அவரைக் கிழிக்க மனசு கேட்கவில்லை உங்களுக்கு. இருந்தும் சாகும்வரை பெட்டிக்குள் வைத்திருந்தீர்கள். அம்மாவுக்குக் கண் தெரிந்தபோது அனுப்பியிருக்கலாமே, பாவி மனுஷா! இந்தக் கோபத்தை நான் விடப்போவதில்லை. இது என்னோடுதான் இருக்கும்.

தகட்டை அம்மாவின் மடியில் வைத்தேன். விரலால் தடவிக்கொண்டே போனாள். தோள், முழங்கை, பிறகு ஊசி பிடித்த கை. அங்கே விரல் நின்றது.

"இதான்டி அவரு" என்றாள்.