ஏசாவின் கல்லில் பாதி இடம்

டொபீகா,
1911 ஏப்ரல் 20

அன்புள்ள லூவெல்லாவுக்கு,

நலம். முழங்கால் வலி முன்போலத்தான் இருக்கிறது. கோழிகள் ஒழுங்காக முட்டையிடுகின்றன. பக்கத்து வீட்டு ஹுல்டா தினமும் சோளரொட்டி கொண்டுவந்து தருகிறாள். நேற்று அவள், "என்ன பெரியவரே, பொண்டாட்டி முதல் புருஷனைப் பாக்கப் போயிட்டாளாமே, திரும்பி வருவாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனதும் ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டேன்.

உன் பழைய மைத்துனர், ஏசாவின் சகோதரர் ஆர்வில் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கார்ட்டர் ஸ்பிரிங்ஸில் கடமையின்போது சுடப்பட்டு இறந்த ஊர்க்காவல் மார்ஷல், உன் முதல் கணவர் ஏசா பிரெண்டிஸுக்கு, முப்பத்து மூன்று வருடம் கழித்து, ஊரார் கல்லறைக் கல் நாட்டியதைப் பற்றி இரண்டு பக்கம். பாண்டு வாத்தியம் வாசித்தார்களாம், நீ கறுப்பு உடையில் நின்றாயாம். பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். கல்லில் ஏசாவின் பெயருக்குப் பக்கத்தில் பாதி இடம் விட்டிருக்கிறார்களாம். அது உனக்காம். உன்னிடம் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாயாம். தேதிகளைச் சரியாக வைத்திருப்பவர் நீங்கள்தான், அவளுடைய பிறந்த தேதியை அனுப்புங்கள், கல்தச்சர் காத்திருக்கிறார் என்கிறார்.

நீ முடியாது என்று சொல்லவில்லை. அந்த வரியை மட்டும் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"உங்களுக்குப் பொறாமை வந்தாக்கூட, அதைத் தேதி போட்டு எழுதி வச்சுட்டுத்தான் படுப்பீங்க" என்று நீ கேலி செய்வாய். உண்மைதான். ஏசா இறந்த ஏப்ரல் ஒன்பதாம் தேதி, ஒவ்வொரு வருடமும் நீ தையல் பெட்டியிலிருந்து அவருடைய மார்ஷல் நட்சத்திர வில்லையை எடுத்து வினிகர் தொட்டுத் துலக்குவாய். அந்த வாசனை தாங்காமல் நான் நூலகத்துக்குப் போய்விடுவேன். முப்பது வருடம் இப்படியே கழிந்தது. அவருக்கு என்றைக்கும் இருபத்தொன்பது வயது. தலை வழுக்கையாகவில்லை, குறட்டை விடவில்லை, மளிகைக் கடையில் மறதியாகக் குடையை விட்டுவரவில்லை. அவரோடு நான் எந்த விதத்தில் போட்டியிட முடியும்?

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவரைச் சுட்ட குதிரைத் திருடனுக்கான கைது வாரண்டை எழுதியவன் நான் என்பது உனக்குத் தெரியும். அதை வாங்க நீதிமன்றத்துக்கு வந்த ஏசா, என் மேசையில் சாய்ந்துகொண்டு, "எழுத்தரே, உங்க கையெழுத்து எனக்குப் புரிய மாட்டேங்குது. கூட வாங்க, நீங்களே அவனுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்று வேறு துணையாள் கிடைக்காததால் பாதி நிஜமாகவும் கேட்டார். பதிவேடு முடிக்க வேண்டும் என்றேன். பதிவேடு முந்தின நாளே முடிந்திருந்தது. அவர் தனியாகவே அவன் ஒளிந்திருந்த தொழுவத்துக்குள் போனார்.

நான் போயிருந்தால் ஒருவேளை அவர் பிழைத்திருப்பார். இல்லாவிட்டால் அந்தக் கல்லில் என் பெயரும் இருந்திருக்கும். எப்படியானாலும் நீ எனக்குக் கிடைத்திருக்க மாட்டாய். இதைத் தெரிந்துகொண்டே அவர்மேல் பொறாமைப்படுகிறேன் என்றால் நான் எப்படிப்பட்டவன் என்று நீயே முடிவு செய்துகொள்.

ஆர்விலுக்குப் பதில் எழுதிவிட்டேன். 1853 மார்ச் 14. தவறான தேதியை எழுதலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், கை வரவில்லை. ஆனால் அந்தத் தாளை அவருக்கு அனுப்பாமல் இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம்.

அடுத்த வியாழக்கிழமை மாலை ரயிலுக்கு நிலையத்தில் நிற்பேன். நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமையும் நிற்பேன். மீதமிருக்கும் நாட்களை இந்த வீட்டில் என்னோடு கழித்துவிடு. அதற்குப் பிறகு நீ எங்கே படுத்தாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அது பொய், லூவெல்லா. கேட்பேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் கணவன்,
எஃப்ராயிம் டாட்